புதிதாக வருபவரின் முதல் கேள்வி: "தேடிப் பாருங்கள்" என்பது பதிலாகுமா?

#1 குமரிமுனை (நெறியாளர்)

வணக்கம் நண்பர்களே,

போன வாரம் பைதான் பிரிவில் கல்லூரி மாணவர் ஒருவர் கேள்வி ஒன்று போட்டிருந்தார். புதிதாக உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்) நிறுவியிருக்கிறார். பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் என்ற கருவியால் நம்பை என்ற கணக்கீட்டுத் தொகுப்பை நிறுவ, பாடக்குறிப்பில் இருந்தபடி "பிப் இன்ஸ்டால் நம்பை" என்று அடித்திருக்கிறார். "எரர்: எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று தொடங்கித் திரை நிறைய ஆங்கிலம். அதை அப்படியே ஒட்டி, "இதற்கு என்ன செய்ய வேண்டும் அண்ணா?" என்று கேட்டிருந்தார்.

முதல் பதில்: "பல தடவை கேட்டாயிற்று, தேடிப் பாருங்கள்." அடுத்த பதிலும் கிட்டத்தட்ட அதேதான். மூன்றாவதாக வந்தவர் பழைய இழை ஒன்றின் சுட்டியைப் போட்டார். இழை பூட்டப்பட்டது.

அந்தப் பழைய இழையைத் திறந்து படித்தேன். 2016-இல் எழுதியது. "முன்னால் சூடோ சேர்த்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்கிறது. சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள். உபுண்டு 24.04-இல் அதைச் சேர்த்தாலும் அதே பிழைதான் வரும். 2023-இல் வெளிவந்த உபுண்டு 23.04, டெபியன் 12 (இதுவும் லினக்ஸ்தான்) தொடங்கி விதி மாறிவிட்டது. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைதானை நம்பி ஓடுகின்றன. பிப் உள்ளே புகுந்து ஒரு தொகுப்பின் பதிப்பை மாற்றிவிட்டால் அவை படுத்துவிடும். அதனால் பெப் 668 என்ற முன்மொழிவின்படி பிப்புக்கே தடை போட்டுவிட்டார்கள். "இயங்குதளத்தின் சொந்த நிறுவியான ஆப்ட் வழியாக நிறுவு, இல்லையென்றால் தனிச் சூழல் உருவாக்கி அதற்குள் நிறுவு" என்பதுதான் அந்த நீளமான செய்தியின் சாரம்.

அதாவது, தேடச் சொன்னோம். அவர் தேடினால் கைக்கு வருவது காலாவதியான பதில். சரியான பதிலைத் தேட வேண்டுமென்றால் அந்தத் தனிச் சூழலுக்கு "விர்ச்சுவல் என்விரான்மென்ட்" என்று பெயர் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்திருந்தால் அவர் இங்கே வந்திருக்கவே மாட்டார். அனுபவசாலிகளுக்கு இது கண்ணில் படுவதில்லை. நமக்குப் பெயர் தெரியும், அதனால் ஒரு நொடியில் தேடிவிடுகிறோம். புதியவருக்குத் தெரிவதெல்லாம் அறிகுறி மட்டும். "தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது" என்றுதான் அவர் தேடுவார். எழுத்துரு இல்லை என்று தேடமாட்டார்.

என் கருத்து இதுதான். முதல் பதிலிலேயே விடையின் சாரம் ஒரு வரியாவது இருக்க வேண்டும். அதன் பெயர் என்ன, எங்கே விரிவாகப் படிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேள்வியின் தலைப்பைக் கேட்டவர் சொன்ன சொற்களிலேயே விட்டுவைக்க வேண்டும். அடுத்து வருபவரும் அதே சொற்களைத்தான் தேடுவார்.

உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். நேரடியாகவே சொல்லலாம்.

#2 சீபித்தன்

நேரடியாகவே சொல்கிறேன். முழுக்க ஒத்துப்போக முடியவில்லை.

இங்கே பதில் சொல்கிற யாருக்கும் சம்பளம் இல்லை. வேலை முடிந்து, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறோம். சி நிரல்மொழிப் பிரிவில் வாரம் தவறாமல் வருகிற கேள்வி: "ஸ்கேன்எஃப்-இல் பெயரை வாங்கினால் முதல் சொல் மட்டும்தான் வருகிறது, ஏன்?" அதற்கு ஒட்டிவைத்த பதிவு இருக்கிறது. தலைப்பே அதுதான். யாரும் படிப்பதில்லை.

இது புதிய பிரச்சினையும் இல்லை. யூஸ்நெட் (இணையத்தின் பழைய விவாதக் குழுக்கள்) காலத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பல்கலைக்கழகங்களுக்குப் புது மாணவர்கள் வருவார்கள், அதே கேள்விகளைக் கேட்பார்கள், ஓரிரு மாதத்தில் பழகிவிடுவார்கள். 1993-க்குப் பிறகு வணிக இணையச் சேவைகள் வழியே மக்கள் வந்துகொண்டே இருந்ததால் அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை என்பார்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்ற தொகுப்பு முறை வளர்ந்ததும் அந்த யூஸ்நெட்டில்தான். சி மொழிக் குழுவுக்காக ஸ்டீவ் சம்மிட் 1990-இல் தொடங்கிய தொகுப்பை நான் இன்றும் திறந்து பார்க்கிறேன். எதையும் சுட்டாத நல் பாயின்டர் பற்றி அதைவிடத் தெளிவாக எழுதியவர்கள் குறைவு. அவ்வளவு உழைத்து எழுதிவைத்ததைப் படிக்காமல் வந்து கேட்டால், எழுதியவருக்கு என்ன மரியாதை?

கேட்பவருக்கும் கடமை உண்டு. தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் புட்டி மென்பொருளை எழுதிய சைமன் டேத்தம் 1999-இலேயே வழுவை எப்படித் தெரிவிப்பது என்று கட்டுரை எழுதினார். நீ என்ன செய்தாய், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாய், என்ன நடந்தது. இந்த மூன்றையும் சொல் என்றார். 2001-இல் எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் கேள்வி கேட்பது எப்படி என்றே தனியாக எழுதினார்கள். நம்மிடம் வருகிற கேள்விகளில் பாதி, கைப்பேசியில் திரையைப் படம் எடுத்து "ப்ளீஸ் ஹெல்ப், அர்ஜென்ட்" என்று போடுகிறவை. எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எதுவும் இருக்காது. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லிச் சொல்லி, பதில் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் புதியவருக்குத்தான் நட்டம்.

#3 யாழ்நிலா

சீபித்தன் ஐயா, நீங்கள் சொல்வதில் களைப்பு தெரிகிறது, அது நியாயமான களைப்பு. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன்.

என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கணினி இல்லை. ஆய்வுகூடத்தில் பிழை வரும். அந்தக் கணினிக்கு இணைய இணைப்பு இராது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய், பஸ்ஸில் இருந்துகொண்டு கேள்வி போடுவார்கள். அந்தப் படம் சோம்பலால் வருவதில்லை. அவர்களிடம் இருக்கிற வழி அது ஒன்றுதான். கைப்பேசியில் பார்த்தால் ஒட்டிவைத்த பதிவுகள் மடிந்துபோய் ஒரு சின்னக் குறியாகத்தான் தெரிகின்றன. எந்தப் பிள்ளையும் அதைத் தொட்டுத் திறந்ததை நான் கண்டதில்லை.

அடுத்தது, பிழைச்செய்தியை வாசிப்பது. பைதான் ஒரு பிழையைக் காட்டும்போது "ட்ரேஸ்பேக், மோஸ்ட் ரீசன்ட் கால் லாஸ்ட்" என்று தொடங்கும். காரணம் கடைசி வரியில் இருக்கும். பாடப்புத்தகத்தை மேலிருந்து கீழே வாசித்துப் பழகிய பிள்ளை முதல் வரியைப் பார்க்கிறது, விளங்கவில்லை, அத்தோடு நிறுத்திவிடுகிறது. கடைசி வரியில் "நேம் எரர்" என்று இருக்கும், பல நேரம் "இந்தப் பெயரைச் சொல்கிறாயா?" என்று சரியான பெயரையே எடுத்துக் கொடுத்தும் இருக்கும். அது கண்ணில் படாது. பிழைச்செய்தியைக் கீழிருந்து வாசி என்று ஒருவர் ஒரு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு அரைவாசிக் கேள்விகளைக் கேட்கவே வராது. "தேடிப் பார்" என்றால் மறுபடியும் வரும், அல்லது ஒரேயடியாகப் போய்விடும். போய்விட்ட பிள்ளைகளை எண்ணிச் சொல்ல யாராலும் ஏலாது.

இன்னொன்று. ரேமண்டும் மோயனும் எழுதிய அந்தக் கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் கடைசிப் பகுதி பதில் சொல்பவர்களுக்கு என்றே எழுதியது. மென்மையாக நடந்துகொள், பதற்றத்தில் இருப்பவர் முரடராகத் தெரிவார் என்றுதான் அது ஆரம்பிக்கும். அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

#4 கோவை_ராஜி

யாழ்நிலாவை வழிமொழிகிறேன். வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விவரம் இல்லாத கேள்வி வந்தால் கோபப்படுவதைவிட, விவரத்தைக் கேட்டு வாங்குகிற மாதிரி படிவத்தை அமைப்பதுதான் சுலபம். புது இழை தொடங்கும் பெட்டியிலேயே "எந்த இயங்குதளம், என்ன அடித்தீர்கள், என்ன வந்தது" என்று மூன்று வரி முன்கூட்டியே இருந்தால் பெரும்பாலானோர் நிரப்பிவிடுவார்கள். சைமன் டேத்தம் சொன்னதற்கு நெருங்கியதுதான். தனியாக ஒரு பக்கத்தில் எழுதிவைத்து "போய்ப் படி" என்றால் படிக்கமாட்டார்கள். கேட்கிற இடத்திலேயே வைக்க வேண்டும்.

#5 பாலா_ஈசிஇ

வணக்கம். அந்தக் கேள்வி போட்டது நான்தான். இதில் எழுதலாமா என்று தெரியவில்லை.

நான் தேடிவிட்டுத்தான் கேட்டேன் அண்ணா. தேடியதில் இரண்டு வகைப் பதில் வந்தது. ஒன்று சூடோ போடச் சொன்னது, அது வேலை செய்யவில்லை. இன்னொன்று கட்டளையின் கடைசியில் "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்று சேர்க்கச் சொன்னது. பெயரைப் பார்த்தாலே பயமாக இருந்தது. அதனால்தான் இங்கே கேட்டேன். இழையைப் பூட்டியதும் வேறு வழி தெரியாமல் அதையே சேர்த்துப் போட்டுவிட்டேன். நம்பை வந்துவிட்டது. ஆய்வகப் பயிற்சியையும் முடித்துக் கொடுத்துவிட்டேன். இப்போது மடிக்கணினிக்கு ஏதாவது ஆகுமா?

#6 டெபியன்தாசன்

பாலா, முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். பயப்பட வேண்டாம். சூடோ இல்லாமல் போட்டிருந்தால் அந்தத் தொகுப்பு உங்கள் பயனர் கோப்புறைக்குள், புள்ளி-லோக்கல் என்ற மறைந்த கோப்புறையில்தான் போய் உட்கார்ந்திருக்கும். இயங்குதளத்தின் கோப்புகளைத் தொட்டிருக்காது. ஆனாலும் நீங்கள் ஓட்டுகிற மற்ற பைதான் நிரல்களும் இந்தப் பதிப்பையே முதலில் எடுக்கும், அதனால் பின்னால் ஏதாவது முரண்படலாம். நீக்கிவிடுவது நல்லது. பிப் அன்இன்ஸ்டால் நம்பை என்று அடித்து, அதே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" தேர்வைக் கடைசியில் சேர்த்துவிடுங்கள். நீக்குவதற்கும் அது வேண்டும். அப்புறம் தனிச் சூழல் அமைத்து அதற்குள் நிறுவிக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்துத் தயங்கினீர்கள் பாருங்கள், அது சரியான உள்ளுணர்வு. அந்தப் பெயரை அப்படி வைத்ததே தயங்கட்டும் என்றுதான்.

இனி விவாதத்துக்கு வருகிறேன். எல்லோரும் "எப்படிப் பதில் சொல்வது" என்றே பேசுகிறோம். ஒரே கேள்வியை நூறு பேர் கேட்கிறார்கள் என்றால் அந்த நூறு பேரிடமும் குறை இருக்க வாய்ப்பில்லை. கருவியில்தான் குறை இருக்கும். நல்ல சமூகங்கள் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்கின்றன.

எனக்கு நெருக்கமான உதாரணம் டெபியன். பல ஆண்டுகளாக டெபியன் உதவிக் குழுக்களில் முதலிடம் பிடித்த கேள்வி, "நிறுவும்போது வைஃபை வரவில்லை." பல வைஃபை சில்லுகளுக்குக் அவற்றை இயக்கும், கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர் கோப்பு தேவை. டெபியனின் கொள்கைப்படி அதிகாரபூர்வ நிறுவியில் அது இருக்காது. அதைச் சேர்த்த இன்னொரு நிறுவி இருந்தது, ஆனால் "அதிகாரபூர்வமற்றது" என்ற பெயரோடு, சட்டென்று கண்ணில் படாத பக்கத்தில். புதியவர் முகப்புப் பக்கத்தில் இருப்பதைத்தானே இறக்குவார்? வைஃபை வராது. வைஃபை இல்லாமல் தேடவும் முடியாது. நாங்கள் ஒவ்வொருவருக்கும் அந்த மறைந்த பக்கத்தின் சுட்டியைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

2022 அக்டோபரில் உறுப்பினர் வாக்கெடுப்பில் அந்த ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்க முடிவானது. கொள்கைப் பிடிப்புள்ள பலருக்கு அது கசப்பான முடிவு. அந்தக் கசப்பை நான் மதிக்கிறேன். ஆனால் 2023 ஜூனில் டெபியன் 12 வந்த பிறகு அந்தக் கேள்வி வெகுவாகக் குறைந்துவிட்டதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். அத்தனை ஆண்டுகள் பொறுமையாகச் சொன்ன பதில்களால் குறையாத கேள்வி அது.

விம் என்ற உரைதிருத்தியைப் பாருங்கள். விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று 2012-இல் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்டார். 2017-இல் அந்தப் பக்கத்தைப் பார்த்த எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியதென்று அந்தத் தளமே அறிவித்தது. இப்போது விம்முக்குள் கன்ட்ரோல்-சி அழுத்தினால், வெளியேற என்ன அடிக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி வருகிறது. மாட்டிக்கொண்டவர் முதலில் அழுத்துவது அந்தச் சாவியைத்தான். பதிலை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

பைதானும் அப்படித்தான். எக்ஸிட் என்று மட்டும் அடித்தால், "அடைப்புக்குறி போட்டு அடி" என்று பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் எக்ஸிட் என்றாலே வெளியேறிவிடுகிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் செக்அவுட் என்ற ஒரே கட்டளை கிளை மாற்றவும் செய்யும், கோப்பின் மாற்றங்களைத் தூக்கி எறியவும் செய்யும். அதில் எத்தனை பேர் வேலையை இழந்து வந்து நின்றார்கள்! 2019-இல் 2.23 பதிப்பில் ஸ்விட்ச், ரிஸ்டோர் என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒரே கேள்வி மூன்றாவது முறை வரும்போது, நம்மில் ஒருவர் அந்தத் திட்டத்தின் வழுப்பதிவில் போய் எழுத வேண்டும். "இந்த இடத்தில் புதியவர்கள் இடறுகிறார்கள், செய்தியை இப்படி மாற்றலாம்" என்று. புதியவர் அதைச் செய்ய முடியாது. பதில் சொல்லிச் சலித்தவரால்தான் முடியும், ஏனென்றால் எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்று அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

#7 சீபித்தன்

டெபியன்தாசன் சொன்னதை ஏற்கிறேன். சி கம்பைலரான ஜிசிசி-யும் இப்போது பிரின்ட்எஃப் என்று எழுதி உரிய ஹெடரைச் சேர்க்க மறந்தால், எந்த ஹெடரைச் சேர்க்க வேண்டும் என்று பெயர் சொல்லியே குறிப்புக் கொடுக்கிறது. அந்தக் கேள்வி இப்போது வருவதில்லைதான்.

பாலா தம்பி, தேடிவிட்டு வந்து கேட்டேன் என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தால், என்னைப் போன்றவர்கள் வேறுமாதிரி பதில் சொல்லியிருப்போம். "இதைப் பார்த்தேன், இப்படிச் சொல்கிறது, பயமாக இருக்கிறது" என்ற ஒரு வரி போதும். குற்றமாகச் சொல்லவில்லை, அடுத்த தடவைக்குச் சொல்கிறேன்.

ஆனால் ஆள் பற்றாக்குறை என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. எல்லோரும் எல்லா நாளும் பொறுமையாக இருக்க முடியாது. முறை வைத்துக்கொள்ளலாம். இந்த வாரம் அடிப்படைக் கேள்விகளுக்கு இரண்டு பேர் பொறுப்பு, அடுத்த வாரம் வேறு இரண்டு பேர். மற்றவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். சி பிரிவில் என் முறையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

#8 திண்ணை

தமிழ் விக்கிப்பீடியாவில் இருந்து வருகிறேன். அங்கே எழுதப்படாத ஒரு பழக்கம் உண்டு: பதில் சொல்ல மனமில்லையென்றால் கடந்து போய்விடுவது. சீபித்தன் சொல்கிற முறைவைப்புக்கு அது பொருந்தும்.

2003-இல் தொடங்கிய திட்டம் அது. பொது விவாதத்துக்கு ஆலமரத்தடி, உதவி கேட்க ஒத்தாசைப் பக்கம் என்று இரண்டு தனித்தனி இடம் உண்டு. புதிதாக வருபவரின் பேச்சுப் பக்கத்தில் வரவேற்புச் செய்தி வந்துவிடும். அதில் எங்கே கேட்பது என்பதும் இருக்கும். "இந்தக் கேள்வியை இங்கே கேட்கக் கூடாது" என்று சொல்ல வேண்டிய தேவை அதனால் பெருமளவு குறைகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவிலும் ஏற்கெனவே உதவி மேசை இருந்தும், புதியவர்களுக்கென்றே 2012-இல் தேநீர்க் கடை என்ற பெயரில் தனி இடம் திறந்தார்கள். விதிகளைச் சுருக்கெழுத்தில் வீசாமல், வணக்கம் சொல்லி, சாதாரண மொழியில் பதில் சொல்வதுதான் அங்கே நடைமுறை. அதே விதிகள், அதே தொகுப்பாளர்கள். இடமும் பேச்சும்தான் வேறு.

நம்மிடமும் "முதல் படி" என்று ஒரு பிரிவு திறந்தால் என்ன? திரும்பக் கேட்பது தவறில்லை என்பதே அந்தப் பிரிவின் விதியாக இருக்கட்டும்.

#9 மின்னல்வெட்டு

எல்லாம் சரி. ஆனால் இப்போது யார் வந்து கேட்கிறார்கள்? எல்லோரும் சாட்ஜிபிடியிடம் கேட்டுக்கொள்கிறார்கள். 2022 கடைசியில் அது வந்த பிறகு ஸ்டேக் ஓவர்ஃப்ளோவிலேயே கேள்விகள் சரிந்துவிட்டன. இந்த ஏற்பாடெல்லாம் யாருக்கு?

#10 யாழ்நிலா

என் பிள்ளைகளும் அதைக் கேட்கிறார்கள், நான் தடுப்பதில்லை. கட்டளையின் பொருள் என்ன, பிழைச்செய்தியின் பொருள் என்ன என்றால் நன்றாகவே உதவுகிறது. ஆனால் கேள்வியே பிழையாக இருக்கிற இடத்தில் மனிதர் வேண்டியிருக்கிறது. அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மாணவன் கேட்டான்: "பைதானில் ஒரு தமிழ்ச் சொல்லில் இருந்து புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் நீக்குவது எப்படி?" இதற்கு நேரடியாகப் பதில் சொல்லலாம். ஒருங்குறியில் இந்தக் குறிகளுக்குத் தனித்தனிக் குறியெண் இருக்கிறது, அவற்றைத் தவிர்த்துவிட்டு மற்றதைச் சேர்த்தால் முடிந்தது. எந்தக் கருவியிடம் கேட்டாலும் இதைத்தான் எழுதிக் கொடுக்கும், கேட்டதும் அதுதானே.

நான் "ஏன் நீக்க வேண்டும்?" என்று கேட்டேன். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை லென் என்ற செயற்கூறு கொண்டு பார்த்தால் 5 வருகிறதாம், 3 வர வேண்டுமாம். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியெண்கள், அதனால் 5. குறிகளை நீக்கினால் 3 வந்துவிடும் என்பது அவன் கணக்கு. வரும்தான். "நீளம் எதற்கு வேண்டும்?" என்று மேலும் கேட்டேன். அப்போதுதான் சொன்னான், அவனுக்கு வேண்டியது நீளமே இல்லை. ஒரு சொல் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாக வாசிக்கப்படுகிறதா என்று பார்க்கும் நிரல் எழுதுகிறான். ஆங்கிலச் சொற்களுக்கு ஓடுகிறது, "விகடகவி" கொடுத்தால் இல்லை என்கிறது.

குறியெண்களைத் திருப்பினால் இகரக் குறி முதலில் வந்து நிற்கும், அதனால்தான் இல்லை என்கிறது. அவன் நினைத்தபடி குறிகளை நீக்கினால் "வகடகவ" என்றாகி, ஆம் என்று விடை வரும். ஆனால் "விகடகவா" என்று கொடுத்தாலும் ஆம் என்றே வரும். அவன் கேட்ட கேள்விக்கு யாராவது உடனே பதில் சொல்லியிருந்தால், பிழையான நிரலைச் சரியென்று நம்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பான்.

வேண்டியது, சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிப்பது. ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் அதற்கென்றே கெட் லெட்டர்ஸ் என்ற செயற்கூறு உண்டு. "தமிழ்" கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தரும். அந்தப் பட்டியலைத் திருப்பி ஒப்பிட்டால் விகடகவிக்கு ஆம், விகடகவாவுக்கு இல்லை. அவனுக்கு இரண்டு கேள்விதான் கேட்டேன். "எதற்காக?" என்று கேட்கிற ஒருவர் இருக்கும் இடம் இது. அது இல்லாமல் போகக்கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

#11 மின்னல்வெட்டு

விளங்கியது. அந்த உதாரணத்தை அப்படியே பைதான் பிரிவில் தனி இழையாகப் போடுங்கள், தேடினால் கிடைக்கட்டும்.

#12 கோவை_ராஜி

தேடினால் கிடைப்பது பற்றி ஒன்று. நம் ஆட்கள் பலர் இப்போது டெலிகிராம் குழுவில்தான் பதில் சொல்கிறார்கள். அங்கே மதியம் சொன்ன அருமையான பதில் சாயந்திரம் மேலே போய்விடுகிறது, கூகுளிலும் வராது. மறுநாள் அதே கேள்வி. டெலிகிராமில் யாராவது நல்ல பதில் எழுதினால், கேட்டவரே அதை இங்கே கொண்டுவந்து பதிய வேண்டும் என்று பழக்கப்படுத்தலாம். பதிந்து பார்க்கும்போது அவருக்கும் மனத்தில் நிற்கும்.

இழையைப் பூட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். திரும்பக் கேட்ட கேள்வியை நீக்கக் கூடாது. ஸ்டேக் ஓவர்ஃப்ளோவின் நிறுவனர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட் 2010-இலேயே இதை எழுதினார். ஒரே கேள்வியை மக்கள் வெவ்வேறு சொற்களில் கேட்பார்கள், ஒவ்வொன்றும் ஒரே விடைக்கு வழிகாட்டும் பலகையாக இருக்கட்டும் என்றார். பிற்பாடு அந்தத் தளத்தில் அது வழிகாட்டுவதாக இல்லாமல் விரட்டுவதாகவே பலருக்குப் பட்டது. புதியவர்களுக்கு வரவேற்பு இல்லை என்று 2018-இல் அவர்களே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். 2024-இல், புதியவர் கேள்வியைப் பொதுவில் போடுவதற்கு முன் அனுபவசாலிகள் பார்த்துத் திருத்த உதவும் இடம் ஒன்றை உருவாக்கினார்கள். நல்ல யோசனைதான், ரொம்பத் தாமதமாக வந்தது.

#13 குமரிமுனை (நெறியாளர்)

எல்லோருக்கும் நன்றி. நெறியாளர்கள் பேசியதில் இப்போதைக்கு முடிவானது:

"முதல் படி" பிரிவு திறக்கிறோம். முதல் இரண்டு வாரம் நானும் யாழ்நிலாவும் பொறுப்பு, அடுத்து சீபித்தனும் டெபியன்தாசனும். புது இழைப் பெட்டியில் ராஜி சொன்ன மூன்று வரி நாளை முதல் இருக்கும். திரும்பக் கேட்ட கேள்வியைப் பூட்டினால், பூட்டுகிறவர் விடையின் சாரத்தை ஒரு வரியில் எழுதிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். ஒவ்வொரு அடிப்படைப் பதிலிலும் எந்தப் பதிப்பில், எப்போது சோதித்தது என்று இருக்க வேண்டும். 2016-இன் பதிலில் அது இருந்திருந்தால் பாலா ஒரு பார்வையிலேயே ஒதுக்கியிருப்பார்.

பாலா கேட்ட கேள்விக்கு முதல் பதிவாக இதை எழுதியிருக்கிறேன். சோதித்துச் சொல்லுங்கள்.

*தலைப்பு: பிப் இன்ஸ்டால் போட்டால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று வருகிறது, என்ன செய்வது?*

*உங்கள் கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. இயங்குதளத்தின் பைதானை பிப் மாற்றிவிடாமல் இருக்கப் போட்ட தடை இது. உங்கள் வேலைக்கு ஒரு கோப்புறை உருவாக்கி, டெர்மினலில் அதற்குள் போய், "பைதான்3 -எம் வீஎன்வ் சூழல்" என்று அடியுங்கள். சூழல் என்ற இடத்தில் நீங்கள் விரும்பும் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுக்கலாம். பிறகு "சோர்ஸ் சூழல்/பின்/ஆக்டிவேட்" என்று அடியுங்கள். வரியின் தொடக்கத்தில் அந்தப் பெயர் தெரியும். இனி பிப் இன்ஸ்டால் வழக்கம்போல வேலை செய்யும். இதன் பெயர் விர்ச்சுவல் என்விரான்மென்ட்; மேலும் படிக்க அந்தப் பெயரில் தேடுங்கள். "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" சேர்க்க வேண்டாம்.*

#14 கோவை_ராஜி

புதிதாக நிறுவிய உபுண்டு 24.04-இல் செய்து பார்த்தேன். முதல் கட்டளையிலேயே "என்ஷ்யூர்பிப் இல்லை" என்று நின்றுவிட்டது. தனிச் சூழலை உருவாக்கும் வீஎன்வ் அங்கே தனித் தொகுப்பு. "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைதான்3-வீஎன்வ்" என்பதை முதலில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு எல்லாம் ஓடியது.

#15 பாலா_ஈசிஇ

அண்ணா, பழையதை நீக்கிவிட்டு இதன்படியே செய்தேன், வந்துவிட்டது. ஒன்று மட்டும். இன்றைக்குக் காலையில் டெர்மினலைத் திறந்து நிரலை ஓட்டினால் "நம்பை என்ற மாட்யூல் இல்லை" என்றது. நேற்று நிறுவியதெல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். ஆக்டிவேட் வரியை மறுபடி அடித்ததும் ஓடியது. டெர்மினலை ஒவ்வொரு முறை புதிதாகத் திறக்கும்போதும் அடிக்க வேண்டுமா?

#16 குமரிமுனை (நெறியாளர்)

ஆமாம், ஒவ்வொரு முறையும். ராஜி சொன்ன வரியையும் நீங்கள் சொன்னதையும் சேர்த்துவிட்டேன். "மாட்யூல் இல்லை என்று வந்தால் எதுவும் அழியவில்லை, ஆக்டிவேட் வரியை மறுபடி அடியுங்கள்" என்று நீங்கள் எழுதிய சொற்களிலேயே போட்டிருக்கிறேன். லினக்ஸ் மின்ட் 22 வைத்திருப்பவர் யாராவது ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சொன்னால் அதையும் குறித்துவிடலாம். டெபியன் 12-இல் டெபியன்தாசன் பார்க்கிறார்.